மூன்றைப் பூஜ்யமாக்கிய சனிக்கிழமை

அந்தக் கோப்பில் முதலில் நான்கு வரிகள்தான் இருந்தன. எவ்வளவு எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும், எந்தப் பெயரில் எழுத வேண்டும், நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண், அல்லது ஒரு சொல். கணினியின் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளாக அது வந்து நின்றதும் மேடம் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். பென்சில் முனை கண்ணாடியில் படும் மெல்லிய டக் டக் ஓசை இப்போதும் என் காதில் இருக்கிறது. "இவ்ளோதான் சார். இதை மாத்தினா போதும், உள்ள ஒரு எழுத்தைக்கூடத் தொட வேணாம்" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்தது பெருமை என்றுகூடச் சொல்ல மாட்டேன். நீண்ட நாள் தேடிய சாமான் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டால் வருமே, அந்த நிம்மதி.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அலுவலகத்திலும் நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து மேசை, ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு சார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மொத்தம் ஏழு பேர். கணினிகள் இருந்த அறைக்கு மட்டும் ஏசி உண்டு, அதற்குள் போகச் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். வரிசையில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மேடத்தின் பழுப்பு நிறச் செருப்பு எப்போதும் முதலாவதாக இருக்கும்.

ரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் அப்போதுதான் புறநகர்ப் பகுதியின் சிறிய பரிசோதனைக் கூடங்களுக்கு வரத் தொடங்கியிருந்தன. ரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று கண்டறிந்து இயந்திரம் ஒரு கேபிள் வழியாக அனுப்பும். அதைக் கணினியில் வாங்கி, எந்த எண் ஒட்டிய குழாய்க்கு எந்த அளவு என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதைத் தனி ப்ரோகிராமாக இல்லாமல், மற்றவர்கள் தங்கள் ப்ரோகிராமோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய லைப்ரரியாகச் செய்திருந்தோம். ரிப்போர்ட் அச்சடிக்கும் பகுதியை வேறு யாரோ எழுதியிருப்பார்கள். இயந்திரத்தோடு பேசும் பகுதி மட்டும் எங்களுடையது. அதை முழுக்க எழுதியவர் மேடம். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பொருத்தி, குறை கேட்டு வருவது நான்.

எங்காவது கோளாறு என்றால் போய் நிற்பேன். என்ன நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "திடீர்னு நின்னுடுச்சு சார்" என்பார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் மேடம் ஒருநாள், நடப்பதை லைப்ரரியே எழுதி வைக்க வேண்டும் என்றார். அதற்கென்ன, ஒரு ஃபைலில் எழுதிவிட்டால் போகிறது என்றேன் நான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம லைப்ரரி இன்னொருத்தர் வீட்டுக்குப் போற விருந்தாளி சார். போன எடத்துல செவுத்துல கிறுக்க முடியுமா? எவ்ளோ எழுதலாம், எங்க எழுதலாம்னு வீட்டுக்காரங்க சொல்லணும். எழுதவே வேணாம்னு சொன்னாலும் கேட்டுக்கணும்." அப்படிப் பிறந்ததுதான் அந்த நான்கு வரிக் கோப்பு. முதல் வரியில் பூஜ்யம் என்று போட்டால் லைப்ரரி ஒன்றும் எழுதாது. ஒன்று என்றால் பிழைகளை மட்டும். இரண்டு என்றால் முக்கியமான படிகளையும். மூன்று என்றால் இயந்திரம் அனுப்பும் ஒவ்வோர் எழுத்தையும், வந்த நொடியோடு. புதிதாகப் பொருத்தும் இடங்களில் ஆறு மாதமாவது மூன்றிலேயே இருக்கட்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அவர் வீடு செம்பாக்கத்தில், ஏரிக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து பஸ்ஸில் தாம்பரம், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் குரோம்பேட்டை. கணவர் லேத் வேலை பார்த்த தொழிற்சாலை கதவடைப்பில் கிடந்தது. நான்காவது படிக்கும் ஒரு பெண். கணிதத்தில் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு மாலை வகுப்புக்குப் போய்க் கணினி கற்றுக்கொண்டவர். இதையெல்லாம் அவராக உட்கார்ந்து சொன்னதில்லை. மதியச் சாப்பாட்டு வேளைகளில் ஒன்றிரண்டு வார்த்தைகளாக உதிர்ந்தவற்றை நான் சேர்த்து வைத்துக்கொண்டது.

அந்தச் சனிக்கிழமை அவர் விடுப்பில் இருந்தார். மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் கிழக்குத் தாம்பரத்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. நாங்கள் லைப்ரரி பொருத்தியிருந்த இடம்தான். போய்ப் பார்த்தால், கணினியின் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுபோயிருந்தது. மூன்றாம் நிலையில் எழுதி எழுதி, லைப்ரரியின் குறிப்புகள் சேரும் லாக் ஃபைல் ஊதிப் பெருத்துவிட்டது. வெளியே பெஞ்சுகளில் முப்பது பேருக்குக் குறையாமல், சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்து காத்திருந்தார்கள். "இன்னா சார் இது, காலைலயே பேஜாரு" என்று டெக்னீஷியன் அலுத்துக்கொண்டார். ஒரு பெரியவர் எழுந்து வந்து, தலை சுற்றுகிறது என்று என்னிடமே முறையிட்டார். நான் லாக் ஃபைலை அழித்தேன். அந்த நான்கு வரிக் கோப்பைத் திறந்து, முதல் வரியில் இருந்த மூன்றை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். கணினி ஓடத் தொடங்கியது. டெக்னீஷியன் எனக்குக் காபி வரவழைத்தார்.

இதற்கு மேடம் ஏற்கெனவே வழி செய்து வைத்திருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கோப்பில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருந்தார். லாக் ஃபைல் எவ்வளவு பெரிதாகலாம் என்று அதில் சொல்லிவிடலாம். அந்த அளவைத் தொட்டதும் பழையதன் மேலேயே திரும்ப எழுதத் தொடங்கும். டிஸ்க் ஒருபோதும் நிரம்பாது. அந்தப் புதிய பதிப்பை ஒரு ப்ளாப்பியில் போட்டு அந்த வாரம் புதன்கிழமையே என்னிடம் கொடுத்துவிட்டார். "தாம்பரத்துக்குப் போறப்ப இதைப் போட்டுடுங்க சார்." அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது. திங்கட்கிழமை எடுத்துப்போய்ப் போட்டுவிட்டு, பூஜ்யத்தையும் மூன்றாக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பெருங்களத்தூரில் வேறோர் இடத்தில் கோளாறு. செவ்வாய்க்கிழமை வேறு ஏதோ. பிறகு மறந்தேபோனேன்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அந்தப் பரிசோதனைக் கூடத்தில், காய்ச்சல் என்று வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்குச் சர்க்கரை மிக அதிகம் என்று ரிப்போர்ட் போயிற்று. அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ரிப்போர்ட்டை நம்பிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு, அடுத்த நாள் காலை வகுப்பில் கரும்பலகைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தார். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துக்கொண்டார். அந்த அளவு உண்மையில் அவருக்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவருடையது என்று பிறகு தெரிந்தது.

எங்கள் மேனேஜரின் அறையில் கூட்டம் போட்டார்கள். பரிசோதனைக் கூடத்தின் டாக்டர் வந்திருந்தார். இயந்திரத்தை விற்றவர்களின் எஞ்சினியரும் வந்து, இயந்திரத்தில் தவறு நடக்க வாய்ப்பே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். லைப்ரரிதான் எண்ணை மாற்றிப் போட்டிருக்கும் என்றார். மேனேஜர் மேடத்தைப் பார்த்து, "லாக் இருக்குமே, அதை எடுத்து வைங்க" என்றார். மேடம் முந்தின நாளே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "லாக் இல்ல சார். லெவல் பூஜ்யத்துல இருக்கு" என்றார். யார் அப்படி வைத்தது என்று டாக்டர் கேட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் வந்த வார்த்தைகள் வேறு. "அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் சார், யார் வேணும்னாலும் மாத்தியிருக்கலாம்" என்றேன். பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வர வேண்டியிருந்தது. வீட்டில் மனைவிக்கு ஏழாவது மாதம். இப்படி ஒரு காரணம் எல்லாருக்கும் இருக்கத்தான் செய்யும். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கும் வீட்டில் ஒரு காரணம் இருந்தது. மேடம் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கோபமான பார்வை இல்லை. பிறகு மேசைமேல் இருந்த தன் நோட்டைப் பார்த்தபடி, "கோட்ல தேடிட்டு இருக்கேன் சார். இன்னும் கிடைக்கல" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பத்து நாட்கள் அவர் தேடினார். தான் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளையும் அச்செடுத்து, மேசைமேல் அடுக்கி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கோடிட்டுப் படித்தார். சாப்பிடும்போதும் அந்தக் காகிதங்கள் பக்கத்தில் இருக்கும். இல்லாத தவறைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கும் அப்போது தெரியாது. அதை என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பதினோராவது நாள் மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்து ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். போகும்போது அச்செடுத்த அந்தக் காகிதங்களையும் நோட்டையும் என் மேசையில் வைத்துவிட்டு, "எங்க தப்புன்னு என்னைக்காவது கண்டுபுடிச்சீங்கன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். சொல்கிறேன் என்றேன். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதக் கடைசியில் வந்தது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் பல்லாவரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு. இங்கும் அதே வகை இயந்திரம். அடுத்தடுத்த இரண்டு பேருக்கு ஒரே அளவு வந்திருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்றார்கள். அங்கே லாக் மூன்றாம் நிலையில்தான் இருந்தது, ஐந்தாவது வரியோடு. அப்படி வைத்தவன் நான்தான். மேடம் போன பிறகு எல்லா இடங்களிலும் அப்படித்தான் வைத்துவந்தேன். லாக் ஃபைலைத் திறந்து அந்த நேரத்தைத் தேடினேன். நாற்பத்தேழாம் எண் குழாயின் சர்க்கரை அளவு வந்திருக்கிறது. பதினெட்டு நொடி எதுவும் இல்லை. பிறகு நாற்பத்தெட்டாம் எண்ணில் அதே அளவு மறுபடியும் வந்திருக்கிறது. டெக்னீஷியனிடம் கேட்டதில், அந்த நேரத்தில் மின்சாரம் தாழ்ந்து இயந்திரம் ஒருமுறை அணைந்து எரிந்தது என்றார். உயிர் வந்ததும் இயந்திரம், தான் கடைசியாக அனுப்பிய அளவையே அடுத்த குழாயின் எண்ணைப் போட்டுத் திரும்ப அனுப்பியிருக்கிறது. லைப்ரரி, வந்ததை வந்தபடி கொடுத்திருக்கிறது. மேடம் எழுதியதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை.

அச்செடுத்துக்கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டினேன். அவர் முழுக்கப் படித்தார். இயந்திரக்காரர்களுக்கு எழுதிவிடுவோம் என்றார். மேடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அது முடிஞ்சுபோன விஷயம்பா, அதை ஏன் கிளறிக்கிட்டு" என்று காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கம் போனேன். விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரமாயிற்று. மேடம் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். மெலிந்திருந்தார். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதித் தொழிற்சாலையில், தொழிலாளர்கள் வந்து போகும் நேரத்தைக் கணினியில் ஏற்றும் வேலை பார்ப்பதாகச் சொன்னார். நான் காகிதத்தை நீட்டினேன். ஜன்னலோரம் போய் நின்று, பென்சிலைத் தேடி எடுத்து, அந்தப் பதினெட்டு நொடி இடைவெளியின் இரு பக்கமும் சின்னதாகக் கோடு போட்டார். திரும்பியபோது கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் குரல் சரியாகத்தான் இருந்தது. "மெஷினா சார்?" என்றார்.

"மெஷின்தான் மேடம்." அதோடு நிறுத்திக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். ஆனால் நிறுத்த முடியவில்லை. "அந்தத் தாம்பரம் லாக்... அதைப் பூஜ்யத்துல வச்சது..."

"தெரியும் சார்" என்றார். அந்தக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் நேரமும் அதன் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது மகளின் புதுநன்மை நாள், காலை பதினொன்றேமுக்கால். அன்று தாம்பரத்துக்குப் போனவன் யார் என்பது அலுவலக வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தப்பு என் கோட்லதான்னு நெனச்சிட்டிருந்தேன் சார். லாக் இருந்திருந்தா என் தப்பைத்தானே காட்டும்? அதுக்கு எதுக்கு உங்களையும் சேத்து இழுக்கணும்." காகிதத்தை மடித்தபடி, "அப்புறம், நான் சொல்லி நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா? அதைக் கேக்க பயமா இருந்துச்சு" என்றார்.

பிறகு அவரே கேட்டார். "அந்த டீச்சர்கிட்ட யாராவது சொன்னாங்களா சார்? நான் ஆஸ்பத்திரிக்குப் போய் என் தப்புதான்னு அவங்க கையைப் புடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்." யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் போனேன். ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப அந்தம்மா எதுக்கு வேலையை விட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு மேடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியமில்லை என்பதுதான் சரி. மூன்று ஆண்டுகள் கழித்து, நூற்றாண்டு முடிகிற சமயத்தில், எங்கள் பழைய அலுவலகத்து ரிசப்ஷனிஸ்ட் தொலைபேசியில் சொன்னார். வயிற்றில் புற்றுநோய், கண்டுபிடித்து நான்கு மாதம்கூட இல்லையாம். அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போனேன். வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மகள் வளர்ந்திருந்தாள், ஏழாம் வகுப்பாம். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கணவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதான சார் அந்த பேப்பர் எட்தாந்தவரு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்த பத்திரமா வச்சினு இருந்தா சார். ஆஸ்பத்திரில கூட சொல்லினு இருந்தா, அத்தினி பேர்ல ஒருத்தராவது தேடிவந்து சொன்னாரேன்னு."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். சனிக்கிழமையை, பூஜ்யத்தை, இழுப்பறையில் கிடந்த ப்ளாப்பியை, கூட்டத்தில் நான் சொன்ன வாக்கியத்தை. அவர் என் கையை விட்டுவிடவில்லை. ஆனால் பிடி தளர்ந்ததை உணர்ந்தேன்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். அப்பவே தெரியும்."

"அவ என்னாண்ட சொல்லலியே." இப்போது கையை எடுத்துக்கொண்டார். "அவளே சொல்ல வேணாம்னு வச்சினு போய்ட்டா. இப்ப எனக்கு இன்னாத்துக்கு சார் சொல்றீங்க?"

என் பாரத்தை இறக்கி வைக்க, மனைவியைப் புதைத்துவிட்டு வந்த ஒரு மனிதரின் தோளைத் தேடிப் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் எழுந்ததும் அவரும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஏரிக்கரையோரமாக நடந்தோம். பஸ் ஸ்டாப்பில் நின்ற பிறகுதான் வாய் திறந்தார். "ஒண்ணே ஒண்ணு சார். பொண்ணாண்ட இத்த சொல்லிடாதீங்க. அதுவும் அவங்க அம்மா மாதிரி கம்ப்யூட்டர்தான் படிப்பேன்னு சொல்லினு கீது. நாளைக்கு உங்கள மாதிரி ஆளுங்கக்கூடத்தான் அது உக்காந்து வேலை செய்யணும்."

அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தகப்பனின் கவலையாகத்தான் சொன்னார். தாம்பரம் பஸ் வந்தது, நல்ல கூட்டம். நான் படியில் தொற்றிக்கொண்டேன். அவர் கீழேயிருந்து என் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினார். "படில நிக்காதீங்க சார், உள்ள போங்க" என்றார். நான் உள்ளே போய் நின்றேன்.